கீழைக் கடலின் மேல் ஸீரோ விமானம்

மட்டக்களப்புக்குக் கிழக்கே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், ஐம்பது மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில், ஒரு பெருங்கப்பல் பக்கவாட்டிற் சாய்ந்து கிடக்கின்றது. ஹேர்மிஸ் என்பது அதன் பெயர். பிரித்தானியக் கடற்படைக்குரிய அக்கப்பல் 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9 ஆந் திகதி வியாழக்கிழமை முற்பகலில் மூழ்கியது. கல்முனையிலிருந்து வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் சென்றால் அவ்விடத்துக்கு நேரான கரையை அடையலாம். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 1961 இலேயே. அதற்கு முன் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன. ஆகவே இக்கரையோர மக்களுக்கு இரண்டாம் உலகப் போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை மாத்திரமன்று. தம் மாவட்டத்துக் கடலிலேயே நடந்த நிகழ்ச்சியுமாகும்.

ஹேர்மிஸ் சாதாரணக் கப்பலன்று. விமானங்களைச் சுமப்பதற்கென்றே தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு வரையப்பட்ட கப்பல்களுள் உலகிலேயே முதலாவது அது. 1918 இல் அதனைக் கட்டத் தொடங்கினர். 1924 இல் அது சேவைக்கு வந்தது. அத்தகைய கப்பலின் தளத்தில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதற்குரிய விமான அணி திருகோணமலையில், சீனன்குடாத் தளத்தில், இறக்கிவிடப்பட்டிருந்தது. யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் எண்பதுக்கு மேல் வந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பலை நோக்கிச் செங்குத்தாகப் பாய்ந்தபோது, அதன் தலைக்கு மேலே காவலாகப் பிரித்தானியப் போர் விமானம் எதுவும் காணப்படவில்லை. சில நிமிடங்களுள் எல்லாம் முடிந்தது. அதன் தளபதி உட்பட 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் உடன் மூழ்கியது. உயிர் பிழைத்தோருட் சிலர் நீந்தியே கரை சேர்ந்தனர். அறுநூறு பேரளவில் வீற்றா என்னும் மருத்துவக் கப்பலால் மீட்கப்பட்டனர்.

காவல் விமானம் ஏன் வரவில்லை? தளபதிகளின் பிழை என்பார் உளர். விதி என்பாரும் உளர். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்ததும் ஒரு காரணமே. ஆயினும் அந்த வாரத்தில் இலங்கை வானில் நிகழ்ந்தவற்றுட் பெரும்பகுதி, நாலைந்து ஆண்டுகளுக்கு முன்பே, நகோயாவிலும் இங்கிலாந்திலும் விரித்து வைக்கப்பட்ட வரைபடத் தாள்களில் முடிவாகிவிட்டது என்பதே உண்மைக்கு அண்மையானது. அதனை அறிய, யப்பானியரின் ஸீரோ என்னும் போர் விமானத்தையும், அதனை எதிர்த்த ஹரிக்கேன் என்னும் போர் விமானத்தையும் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும்.

1937 ஆம் ஆண்டில் யப்பானியக் கடற்படை தன் புதிய போர் விமானத்துக்கு வேண்டிய இலக்கணத்தை வகுத்தது. மணிக்கு 500 கிலோமீற்றர் வேகம் வேண்டும். 3000 மீற்றர் உயரத்தை மூன்றரை நிமிடத்தில் எட்ட வேண்டும். மேலதிக எரிபொருட் தொட்டியுடன் சிக்கன வேகத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வானில் நிற்க வேண்டும். இருபது மில்லிமீற்றர் பீரங்கிகள் இரண்டு சிறகுகளில் இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தும், அக்காலத்தில் வழக்கிலிருந்த இலேசான விமானத்தைப் போலவே சுழன்று திரும்பும் ஆற்றலும் குறையக் கூடாது. மாப்பிள்ளை தேடும் வீட்டார்கூட இவ்வளவு குணங்களை ஒருவனிடத்தில் எதிர்பார்ப்பதில்லை! போட்டிக்கு அழைக்கப்பட்ட நகஜீமா தொழிற்சாலை இது இயலாதென்று விலகிக்கொண்டது. மிட்சுபிஷி தொழிற்சாலையின் பொறியியலாளர் ஜிரோ ஹொரிகொஷி ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

கேட்டவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1938 இல் நடந்த கூட்டமொன்றில், வளைந்து திரும்பும் ஆற்றலே போர் விமானத்தின் உயிர் என்று கென்டா என்னும் கடற்படை விமானி வாதித்தார். வேகமும் நெடுந்தூரம் பறக்கும் ஆற்றலுமே முதன்மையானவை. திரும்பும் திறனை விமானியின் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்று ஷிபாட்டா என்னும் மற்றொருவர் மறுத்தார். எது குறைந்தாலும் தாழ்வில்லை என்று சொல்வார் எவருமிலர். ஹொரிகொஷி இரண்டையும் தருவதென்றே துணிந்தார்.

அவர் கையிலிருந்த தடை யாதெனில், எஞ்சின். இங்கிலாந்தின் மேர்லின் எஞ்சின் 1000 குதிரைவலுவைக் கடந்து வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், ஸீரோவுக்குக் கிடைத்த சாக்கே எஞ்சின் 940 குதிரைவலுவே உடையதாயிருந்தது. வலுவைக் கூட்ட வழியில்லை. எடையைக் குறைப்பதொன்றே வழி. எனவே, அப்பொழுதுதான் யப்பானிற் கண்டுபிடிக்கப்பட்ட உறுதிமிக்க அலுமினியக் கலப்புலோகம் ஒன்றைச் சிறகின் முதுகெலும்பான தாங்கு சட்டத்துக்குப் பயன்படுத்தினார். சிறகுகளை உடலோடு பொருத்தும் கனத்த இணைப்புகளே வேண்டாமென்று, இரு சிறகுகளையும் விமானியின் இருக்கைப் பகுதியையும் ஒரே துண்டாக அமைத்தார். பளு தாங்காத இடங்களிலெல்லாம் உலோகத்திற் துளையிட்டுக் கழித்தார். விமானியைக் காக்கும் இரும்புக் கவசம் இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் இறப்பர் உறையும் எரிபொருட் தொட்டிகளுக்கு இல்லை. இவற்றைக் கடற்படை கேட்கவுமில்லை. இவ்வாறு ஒன்றுமில்லாமல் வெறுமையாக நின்ற விமானத்தின் எடை 1680 கிலோகிராம்.

கட்டி முடிந்த முதலாவது விமானம் பறக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை, வண்டி கட்டி நெல்லேற்றிய நம் ஊர்களுக்கு விளங்கக்கூடியது. நகோயாத் தொழிற்சாலையையொட்டி விமானத் தளம் இல்லை. ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள ககமிகஹாராவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாதையோ கரடுமுரடானது. மோட்டார் லொறியில் ஏற்றினால் குலுங்கிச் சேதமாகும். ஆகவே உலகத்தின் தலைசிறந்த போர் விமானங்களுள் ஒன்றாகப் போகின்ற அது, பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, இரண்டு மாட்டு வண்டிகளில் ஏற்றப்பட்டு, இரவு முழுதும் மெல்ல மெல்ல உருண்டு சென்றது. 1939 ஏப்பிரல் முதலாந் திகதி அது முதன்முறை வானில் எழுந்தது.

பறக்கும் குணத்தைப் பற்றி ஹொரிகொஷி பட்ட பாட்டை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சைக்கிளில் மெதுவாகச் செல்லும்போது திரும்புவதற்குக் கைப்பிடியை நன்றாக வளைக்கின்றோம். வேகமாகச் செல்லும்போது அதே அளவு வளைத்தால் குப்புற விழுவோம். விமானத்தின் கட்டுப்பாட்டுக் கோலும் அத்தகையதே. வால் பகுதியிலுள்ள உயர்த்தித் தட்டைச் சிறிது அசைத்தாலும், வேகம் மிகுந்தபோது விமானம் துள்ளி எழும். மெதுவாகப் பறக்கையில் அதே அசைவு போதாது. விமானி போர்க்களத்தில் எதிரியைப் பார்ப்பானா, கைவிரலின் அசைவை அளப்பானா? ஹொரிகொஷி கண்ட வழி எளிமையானது. கோலையும் தட்டையும் இணைக்கும் கம்பிகளைச் சற்றே நெகிழ்வுள்ளனவாக்கினார். வேகம் கூடிக் காற்றின் எதிர்ப்பு மிகும்போது கம்பி இழுபட்டு நீளும். தட்டு குறைவாகவே அசையும். வேகம் குறையும்போது கம்பி இழுபடாது. தட்டு முழுதாக அசையும். எனவே எந்த வேகத்திலும் விமானியின் கைக்கு ஒரே உணர்வு கிடைத்தது. கம்பிகள் விறைப்பாயிருத்தல் வேண்டுமென்ற அக்காலத்து விதிக்கு இது மாறானது. விதியைக் கண்டு அஞ்சாமல் பொருளின் இயல்பை நோக்கியமையே அவருடைய பெருமை.

ஆயினும் எடை குறைத்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவ்விலை எதிரியைக் காணுமுன்னரே செலுத்தப்பட்டது. 1940 மார்ச்சில் இரண்டாவது பரிசோதனை விமானம் பாய்ந்து இறங்கும்போது நடுவானில் சிதறிப் பரிசோதனை விமானி ஒக்குயாமா இறந்தார். உயர்த்தித் தட்டின் சமநிலை எடை முறிந்து, தட்டு படபடத்து நடுங்கியமையே காரணமெனக் கண்டனர். 1941 ஏப்பிரலில் ஷிமொகவா என்னும் கடற்படை அதிகாரி, முந்தின நாள் வேறொரு விமானத்தில் தோன்றிய நடுக்கத்தின் காரணத்தை அறியவென்று தாமே பறந்து, அவ்வாறே மாண்டார். அதன்பின் சிறகின் மேற்றகடு தடிப்பாக்கப்பட்டது; பாயும் வேகத்துக்கும் எல்லை விதிக்கப்பட்டது. பறக்கும் குணத்தில் இன்னொரு குறையும் எஞ்சி நின்றது. விமானத்தைப் பக்கவாட்டிற் சரிக்கும் சிறகுத் தட்டுகள் மெதுவான வேகத்தில் வெண்ணெய்போல் இயங்கின. மணிக்கு 370 கிலோமீற்றருக்கு மேல் விறைக்கத் தொடங்கி, இன்னும் வேகம் கூடினால் இரு கையாலும் அசைக்கவியலாதபடி இறுகின. இக்குறை அக்காலத்தில் எதிரிக்குத் தெரியாது.

1940 இல் கடற்படை இவ்விமானத்தை ஏற்றுக்கொண்டது. யப்பானியரின் பழைய ஆண்டுக் கணக்கில் அது 2600 ஆம் ஆண்டு. ஆண்டின் ஈற்றிலக்கம் பூச்சியமாதலின் பூச்சிய வகை என்று பெயரிட்டனர். ஸீரோ என்று உலகம் அழைப்பது இதனாலேயே. அதே ஆண்டு செப்டெம்பர் 13 இல் சீனாவின் சுங்கிங் நகருக்கு மேல் பதின்மூன்று ஸீரோக்கள் தம்மினும் இரு மடங்கு சீன விமானங்களை எதிர்த்துத் தம்மில் ஒன்றையும் இழக்காது மீண்டன. அமெரிக்கர் ஒருவர், சீனாவில் விமான ஆலோசகராயிருந்த செனோல்ட், இதனைப் பற்றித் தம் நாட்டுக்கு எழுதினார். நம்புவாரில்லை. 1941 டிசெம்பரில் தைவான் தீவிலிருந்து எழுந்த ஸீரோக்கள் எண்ணூறு கிலோமீற்றர் கடலைக் கடந்து பிலிப்பைன்ஸில் போரிட்டு மீண்டபோதும், அருகில் எங்கோ விமானந்தாங்கிக் கப்பல் ஒளிந்திருக்க வேண்டுமென்றே அமெரிக்கர் தேடினர். ஒற்றை எஞ்சின் போர் விமானம் அத்துணைத் தூரம் பறக்குமென்பதை மனம் ஏற்கவில்லை. அயலான் நம்மினும் நல்லதொன்றைச் செய்திருப்பான் என்று நினைக்க மறுப்பது, பேரரசுகளைப் பிடிக்கும் பழைய நோய்.

இனி ஹரிக்கேனைப் பார்ப்போம். ஹரிக்கேன் என்றால் சூறாவளி. 1978 நவம்பரைக் கண்ட மட்டக்களப்புக் கரைக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. இதனை வரைந்த சிட்னி காம் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன். தாமும் மரவேலையிலிருந்தே விமானத் தொழிலுக்கு வந்தவர். அவர் கட்டிய விமானமும் அந்த மரபைக் காட்டியது. உருக்குக் குழாய்களாலான எலும்புக்கூடு. அதன் மேல் மரச்சட்டங்கள். அவற்றின் மேல் இழுத்துப் போர்த்த லினன் துணி. துணியின் மேல் ஒருவகைப் பசையைப் பூசுவர். அது காயும்போது துணி பறைத்தோல்போல் விறைத்துவிடும். மருதமுனைத் தறிக்காரர் ஒருவர் அதன் வாற்பகுதியைத் தொட்டுப் பார்த்திருந்தால், இழையெண்ணிச் சொல்லியிருப்பார். 1935 நவம்பர் 6 இல் அது முதலிற் பறந்தது. 1937 இறுதியில் படையிற் சேர்ந்தது. பின்னர் சிறகுகளுக்கு மாத்திரம் உலோகத் தகடு போர்த்தினர்.

பழைய முறை என்று அதனை இகழ்தல் தகாது. குண்டு பட்டால் குழாயை ஒட்டி, துணியைத் தைத்து, பசை பூசி, மறுநாள் பறக்க விடலாம். அகன்று நிற்கும் அதன் சக்கரங்கள் புல்வெளியிலும் இறங்க உதவின. சிறகு தடித்தது, ஆகவே வேகம் குறைவு, ஆனால் அத்தடித்த சிறகினுள் எட்டுத் துப்பாக்கிகளும், பிந்திய வகையில் பன்னிரண்டும், அசையாது நின்று சுட்டன. விமானியின் முதுகுக்குப் பின்னே கவசமும் இருந்தது. 1940 இல் இங்கிலாந்தைக் காத்த வான்போரில் வேறெந்த விமானத்தையும்விட அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிக்கேனே. அப்போரில் அதன் விமானிகள் கற்ற பாடம் ஒன்றுண்டு. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் ஹரிக்கேனிலும் வேகமானது; ஆனால் ஹரிக்கேன் அதனினும் குறுகிய வட்டத்தில் திரும்பும். பின்னால் எதிரி வந்தால் உடனே திரும்பு, சுற்று, இரண்டு மூன்று சுற்றில் அவன் முதுகுக்குப் பின் நீ நிற்பாய். இப்பாடம் பலரைக் காத்தது. இதே பாடம் இலங்கை வானில் பலரைக் கொன்றது.

1942 மார்ச்சில் இண்டொமிற்றபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஹரிக்கேன்களை இலங்கைக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் அப்போது வீழ்ந்துவிட்டது, இரங்கூனும் போயிற்று. ஓர் அணி இரத்மலானையிலும் மற்றோர் அணி சீனன்குடாவிலும் நிறுத்தப்பட்டன. மூன்றாவது அணிக்குக் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலே விமானத் தளமாக்கப்பட்டது. குதிரை ஓடிய புல்வெளியில் விமானம் ஓடியது. ஏப்பிரல் 4 இல் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கனேடியக் கற்றலினா விமானம் ஒன்று, தென்கிழக்கே யப்பானியக் கப்பற் கூட்டத்தைக் கண்டு, தான் வீழ்த்தப்படுமுன் செய்தியும் அனுப்பிவிட்டது. அதன் தலைவர் பேர்ச்சல் சிறைப்பட்டார்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் காலை எட்டு மணி அளவில் கொழும்பை அடைந்தன. அவற்றுள் முப்பத்தாறு ஸீரோக்கள். முன்னெச்சரிக்கை இருந்தும் றேடார் உரிய வேளையிற் காட்டித்தரவில்லை. ஹரிக்கேன்கள் தரையிலிருந்து எழும்போதே எதிரி தலைக்கு மேல் நின்றான். எழுந்து ஏறுகின்ற விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. அந்த நிலையிற்றான் ஸீரோவின் சிறகுத் தட்டுகள் மிக மென்மையாக இயங்கும் என்பதை முன்னர்க் கண்டோம். ஏறத்தாழ இருபது ஹரிக்கேன்களும் நான்கு புல்மார்களும் வீழ்ந்தன. அவ்வழியே வந்து அகப்பட்ட ஆறு சுவோர்ட்பிஷ் இரட்டைச் சிறகு விமானங்களும் அழிந்தன. யப்பானியர் இழந்தவை ஏழு. அவற்றுள் ஸீரோ ஒன்றே. அன்று இருதரப்பாரும் வெளியிட்ட கணக்குகள் இதனினும் பன்மடங்கு பெரியவை. போர்க்காலக் கணக்குகள் எக்காலத்திலும் அப்படித்தான்.

திரும்புதல் என்பது இங்கு என்னாயிற்று என்பதைச் சற்று ஆராயலாம். ஒரு விமானம் எவ்வளவு குறுகிய வட்டத்திற் சுற்றும் என்பது பெரும்பாலும் அதன் சிறகின் ஒவ்வொரு சதுர மீற்றரும் எவ்வளவு எடையைச் சுமக்கின்றது என்பதைப் பொறுத்தது. சுமை குறைந்த தோணி துடுப்பின் ஓர் இழுப்பில் முகந்திரும்பும்; வலையும் மீனும் ஏற்றிய தோணி திரும்பப் பெரிய வட்டம் வேண்டும். ஸீரோவின் சிறகு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 107 கிலோகிராமைச் சுமந்தது. ஹரிக்கேனின் சுமை, வகைக்கு வகை சற்று மாறினும், அதனினும் மூன்றிலொரு பங்களவு கூடுதல். மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு முன் இலேசாயிருந்த ஹரிக்கேன், ஸீரோவுக்கு முன் கனத்துவிட்டது. விமானம் மாறவில்லை, எதிரே நின்றது மாறிவிட்டது. ஐரோப்பாவிலும் பாலைவனத்திலும் பழகிய விமானிகள் பழகியபடியே திரும்பினர்; இரண்டாவது சுற்றிலேயே ஸீரோ பின்னால் நின்றது. சிங்கப்பூரிலும் யாவாவிலும் அடிபட்டுத் தப்பிவந்த சிலர் மாத்திரம் இதனை அறிந்திருந்தனர். அவர்கள் சொல்லைப் பயிற்சியாக்குவதற்கு நாட்கள் போதவில்லை.

நான்கு நாட் கழித்துத் திருகோணமலை. இம்முறை றேடார் நேரத்தோடு காட்டியது. பதினாறு பதினேழு ஹரிக்கேன்கள் ஏற்கெனவே உயரத்தில் இருந்தன. மேலிருந்து பாய்ந்து தாக்கியபோது ஸீரோக்களும் சில வீழ்ந்தன. ஆயின் பாய்ந்தபின் நின்று சுற்றிப் போரிட்டவிடத்து, கொழும்பின் கதையே மீண்டது. எட்டு ஹரிக்கேன்கள் இழக்கப்பட்டன. வேறுபாடு சிறிதெனினும் அது முக்கியமானது. உயரம் கையிலிருந்தால் ஸீரோவை வெல்லலாம் என்பதற்கு அன்றே சான்று கிடைத்தது.

ஹேர்மிஸ் தாக்குதலுக்குத் தப்புவதற்காக முந்தின இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்தது. மட்டக்களப்புக்கு அண்மையில் அதனை யப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. கப்பல் உதவி கேட்டது. சீனன்குடா அப்போதுதான் அடிபட்டுக் கிடந்தது, தொடர்புகள் குலைந்திருந்தன. முடிவில் இரத்மலானையிலிருந்து புல்மார் விமானங்களே அனுப்பப்பட்டன. தீவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு நேர்கோட்டிலேயே இருநூறு கிலோமீற்றருக்கு மேல். புல்மாரோ, குண்டுவீச்சு விமானமொன்றின் வரைபடத்திலிருந்து பிறந்த போர் விமானம். கடலில் வழிகாட்டவென்று பின்னிருக்கையில் இன்னொருவரையும் சுமந்தது. ஹரிக்கேனுக்குரிய மேர்லின் எஞ்சினையே கொண்டு, அதனினும் மிகக் கனத்த உடலை இழுத்தது. அவை வந்து சேர்ந்தபோது ஹேர்மிஸ் மூழ்கிவிட்டது. சுற்றியிருந்த மற்றக் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த குண்டுவீச்சு விமானங்களோடு அவை பொருதன. இருதரப்பிலும் இழப்பு உண்டாயிற்று. அவற்றின் விமானிகளைக் குறை கூறுதல் பெரும் அநியாயமாகும்.

இவ்விடத்தில், திரும்பும் திறனைக் காட்டிலும் பெரியதொரு வேறுபாடு வெளிப்படுகின்றது. ஹரிக்கேன் தன் தளத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் போரிட்டு மீள்வதற்கென்று வரையப்பட்டது. இங்கிலாந்தின் தேவை அதுவே. அங்கே எதிரி வீட்டு வாசலுக்கே வந்தான். கடலில் நெடுந்தூரம் சென்று ஒரு கப்பலுக்குக் குடைபிடிப்பது அதன் வேலையன்று. அதே முற்பகலில் ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் யப்பானியத் தளபதி நகுமோவின் கொடிக்கப்பலான அக்காகியைத் தேடிச் சென்றன. அவற்றோடு ஒரு போர் விமானமும் துணை செல்லவில்லை. குண்டுகள் கப்பலருகே கடலில் விழுந்தன. பிளெனிம்களிற் பாதியளவு திரும்பி வரவில்லை. ஸீரோவோ கப்பலிலிருந்து எழுந்து, தீவின் மேல் போரிட்டு, மீண்டும் கப்பலில் இறங்கியது. 1938 ஆம் ஆண்டுக் கூட்டத்தில் ஷிபாட்டா கேட்டதும் கென்டா கேட்டதும் ஒரே விமானத்தில் வந்து சேர்ந்தமையின் விளைவு அது. கென்டாவே அந்த ஏப்பிரலில் அக்காகிக் கப்பலில் நகுமோவின் விமான ஆலோசகராக இருந்தார்.

ஸீரோவின் இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1942 ஜூன் 4 இல் அலாஸ்காவுக்கு அருகே அக்குற்றான் என்னும் தீவில், எண்ணெய்க் குழாயிற் குண்டுபட்ட ஸீரோ ஒன்று இறங்க முயன்றது. புல்தரை என்று விமானி நினைத்தது சதுப்பு நிலம். சக்கரம் புதைந்து விமானம் கவிழ்ந்தது. கொகா என்னும் அவ்விளைஞர் கழுத்து முறிந்து இறந்தார். அவர் வந்த ரியுஜோ என்னும் கப்பல், அதே ஆண்டு ஏப்பிரலில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியதொன்று. அமெரிக்கர் அவ்விமானத்தைக் கண்டெடுத்து, சீர்செய்து, செப்டெம்பரில் தாமே பறந்து பார்த்தனர். வேகத்திற் சிறகுத் தட்டு இறுகுவதும், இடப்புறம் சரிவதைவிட வலப்புறம் சரியத் தயங்குவதும், மூக்கைத் திடீரெனக் கீழே அழுத்தினால் எரிபொருள் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சின் இருமுவதும் வெளியாயின. இறுதியாகச் சொன்ன குறை ஹரிக்கேனின் மேர்லினுக்கும் இருந்ததுதான். பியற்றிஸ் ஷில்லிங் என்னும் ஆங்கிலப் பெண் பொறியியலாளர் 1941 இல் துளையிட்ட சிறு தகடொன்றால் அதனைப் பெருமளவு தீர்த்துவைத்தார்.

அதன்பின் விமானிகளுக்குச் சொல்லப்பட்டது சுருக்கமானது: ஸீரோவோடு சுற்றாதே, உயரத்திலிருந்து பாய், சுடு, நில்லாமற் போய்விடு, துரத்தினால் வேகமாகக் கீழே பாய்ந்து வலப்புறம் திரும்பு. கனத்த விமானம் விரைந்து பாயும். கவசமும் தொட்டி உறையும் அதனைக் காக்கும். ஏப்பிரலில் ஹரிக்கேனுக்குப் பாரமாயிருந்த அதே எடை, போரிடும் முறை மாறியதும் துணையாயிற்று. ஸீரோவின் மேல் விழுந்த சில குண்டுகளே தொட்டியைத் தீயாக்கப் போதுமானவையாயிருந்தன. 1943 இல் 2000 குதிரைவலு எஞ்சினோடு அமெரிக்க ஹெல்கற் வந்தது. ஸீரோவுக்கோ, கடைசியிற் கிடைத்த சாக்கே எஞ்சின் 1130 குதிரைவலுவே. கவசம் சேர்த்தால் ஏற்றம் குறைந்தது. சேர்க்காவிடில் விமானி இறந்தார். நெடுங்காலம் பயின்ற விமானிகள் மிட்வேயிலிருந்து தொடங்கி ஒவ்வொரு போரிலும் குறைந்துகொண்டே போயினர். எளிதிற் தீப்பற்றும் விமானம் அவர்களைத் திருப்பித் தரவில்லை. 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் கடலில், குண்டு கட்டிய ஸீரோக்களைக் கப்பல்களின் மேல் விமானியோடு மோதவிடும் நிலை வந்தது.

இதனைக் கொண்டு ஹொரிகொஷி உயிரை மதியாதவர் என்று எழுதுவோர் உண்டு. அது நேர்மையான தீர்ப்பாகாது. கேட்கப்பட்ட தூரத்தையும் வேகத்தையும் திரும்பலையும் 940 குதிரைவலுவில் தந்தபின், கவசத்துக்கு எடை மிஞ்சவில்லை. அதனை நன்கறிந்து ஏற்றுக்கொண்டவர்கள், விமானத்தை வாங்கிய கடற்படையினர். வலுவான எஞ்சினை அவர்கள் காலத்தோடு தேடியிருந்தால் கதை வேறாயிருக்கும். காமின் பக்கத்திலும் இதே கணக்கு உண்டு. ஹரிக்கேனின் விமானிக்கு நேர் முன்னே ஒரு எரிபொருட் தொட்டி இருந்தது, அது தீப்பற்றி முகமும் கையும் வெந்தவர் பலர். காம் 1966 இலும், ஹொரிகொஷி 1982 இலும் காலமாயினர்.

பந்தயத் திடல் இன்று விளையாட்டு மைதானமாகவும் கடைத்தெருவாகவும் இருக்கின்றது. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கிடந்த இடத்தை உள்ளூர் மீனவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பாறையைப்போல் மீன் சேரும் இடமாதலின் அதனை நாடிச் சென்றனர். பிற்காலத்தில் சுழியோடிகளும் அங்கே இறங்கத் தொடங்கினர். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இன்னும் தம் இடத்திலேயே நிற்கின்றன என்றும், தெளிந்த நாட்களில் மேலிருந்தே கப்பலின் உருவம் நிழல்போலத் தெரியும் என்றும் அவர்கள் கூறுவர்.